அம்பு

டயர் தேய்ந்துபோனதை எனக்குச் சொன்னது
கீழ்க்கோத்தகிரி ரோட்டில் ஒரு வளைவு.
மழை விட்ட காலை. பின்சக்கரம் கொஞ்ச தூரம்
தன்னிஷ்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.
பெட்டியில் இருந்த வர்க்கி ஒன்றுகூட நொறுங்கவில்லை.
நான்தான் பத்து நிமிடம்
ஒரு தேயிலைச் செடியைப் பிடித்தபடி நின்றேன்.

டயர் கடையில், மாட்டித்தர முந்நூறு என்றார்கள்.
எங்கள் சந்தில் அந்தக் காசு கொடுப்பதில்லை.
நாலு வீடு, வீட்டுக்கு நானூறு போட்டு வாங்கியது:
மூன்று லிவர், ஒரு கால் பம்ப்,
பதினேழு, பத்தொன்பது, இருபத்துநாலு ஸ்பேனர்,
வால்வு திருகும் குட்டிச் சாவி.
எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்; பம்ப் மட்டும் வெளியே.
கடைசியாகக் கழற்றியவர் வீட்டில் டின் இருக்கும்.
எழுதிவைத்த சட்டமில்லை.
சுபைதாக்கா எடுத்துத் தந்தபோது
ஒரு லிவரில் தோசைமாவு காய்ந்திருந்தது.
"கேக்காத" என்றார்.

புது டயரை முந்தின இரவே அடுப்படியில் சாய்த்துவைத்தேன்.
இந்தக் குளிரில் ரப்பர் பலகை மாதிரி.
ரசத்தில்கூட டயர் வாசம் என்றான் தம்பி.

செயினை இறக்கி, ஆக்ஸிலை உருவி,
வாஷர் எந்தப் பக்கமென்று போனில் படம் பிடித்து
சக்கரத்தை வெளியே எடுத்தாகிவிட்டது.
பழைய டயர் ரிம்மை விடவில்லை.
குதிகாலால் மிதித்தேன். மேலே ஏறிக் குதித்தேன்.
டின்னில் இல்லாத சாமான் ஒன்றுதான்:
எடை.

எடை, பர்னபாஸ் வீட்டு வாசலில் நின்றது.
புல்லட்.
அதன் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் ஊன்றி
வண்டியைச் சாய்த்தால் எந்த ரிம்மும் விட்டுவிடும்.
ஆனால் அவரும் நானும் பேசி நாற்பத்தொரு நாள்.
தண்ணீர் பைப். யார் மோட்டர் முதலில் என்பது.
அவர் ஒரு சொல் சொன்னார்.
நான் மூன்று சொன்னேன்.
டின் மட்டும் சுபைதாக்கா கை வழியாக
இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

சக்கரத்தை உருட்டிப் போய் அவர் வாசலில் படுக்கவைத்தேன்.
கூப்பிடவில்லை. சிமெண்டில் பல்சக்கரம் கீறிய சத்தம் போதும்.
பாதி முகம் சவரம், பாதி நுரையோடு வந்தார்.
பார்த்தார். உள்ளே போனார்.
போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.
துண்டால் நுரையைத் துடைத்தபடி வந்து
புல்லட்டை உருட்டி, ஸ்டாண்டை ஊன்றி,
என் பக்கமாகச் சாய்த்தார்.
டப்.
திருப்பிப் போட்டு, இன்னொரு டப்.

அப்புறம் சோப்புத் தண்ணி, ட்யூபுக்கு முகப்பவுடர்.
மூன்று லிவருக்கு இரண்டு கை பற்றாது.
கேட்காமலே ஒரு முழங்கால் வந்து டயரை அழுத்திக்கொண்டது.
அவர் நாற்பது மிதி, நான் நாற்பது மிதி.
பட், பட் என்று விளிம்பு ஏறி உட்கார்ந்தது.
சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் குத்துக்காலிட்டு, டயரின் பக்கவாட்டை
ஈர விரலால் துடைத்தார்.
"அம்பு."

நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு முதல் சொல்.
அம்புக்குறி பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.
"சக்கரத்தையே திருப்பி மாட்டினா?"
"பிரேக் டிரம்ம எந்தப் பக்கம் வைப்ப, உங்க வீட்டு சமையல்கட்டுலயா?"

காற்றைப் பிடுங்கினோம். அந்தச் சீற்றத்துக்கு
நஞ்சன் வந்தான், சுபைதாக்கா வந்தார்,
தம்பி வந்து என்ன வேலை இது என்று நியாயம் பேசினான்.
மறுபடி ஸ்டாண்டு, மறுபடி சோப்பு, மறுபடி முழங்கால்.
முடிக்கையில் மூடுபனி இறங்கி
ஸ்பேனரைத் தடவித்தான் தேடினோம்.

டின் இப்போது என் வீட்டில்.
பைப் விஷயம் அப்படியேதான் இருக்கிறது,
ஐந்தரைக்கு அவர் மோட்டர் ஓடினால்
ஆறு மணிக்கு எனக்கு நூல் மாதிரி தண்ணீர்.
வளைவுகளில் இந்த வாரம் மெதுவாகத்தான் போகிறேன்.
புது டயரை நூறு கிலோமீட்டர் வரை நம்பக்கூடாதாம்.
பர்னபாஸ் சொன்னார்,
மதில் மேலிருந்து, நான் கேட்காமலே.